தமிழ் வழியில் படித்த பெண் எம்.பி.பி.எஸ். முதல் வருடத்தைச் சமாளிப்பாளா?

கேட்டிருப்பவர் நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருக்கும் ஒரு அப்பா. மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கடலூர் மாவட்டத்திலேயே எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது, இன்னும் பத்து நாளில் வகுப்பு. "பிணத்தைப் பார்த்துப் பயந்துவிடுவாளோ, இங்கிலீஷில் திணறுவாளோ என்று ராத்திரியில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. முதல் வருடம் உண்மையில் எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, சமாளித்துவிடுவாள். ஆனால் நீங்கள் பயப்படுகிற இரண்டு விஷயமும் நீங்கள் நினைக்கிற இடத்தில் வராது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பாகூர் பக்கம். அப்பா குத்தகை நிலத்தில் நெல் வைக்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத ஒதுக்கீடு 2023ல் வந்தது. தமிழ்நாட்டில் 7.5 சதவீதம் 2020லேயே வந்துவிட்டது. அந்த 10 சதவீதத்தில்தான் 2024ல் எனக்கு புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறேன்.

முதலில் பிணம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடலை அறுத்துப் படிக்கிற டிசெக்‌ஷன் ஹாலில் யாரும் பிணம் என்று சொல்வதில்லை, கடாவர் என்பார்கள். டிசெக்‌ஷன் ஹாலுக்குள் போன முதல் நாள் எங்களை வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். இந்த உடலைத் தந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மரியாதை குறையாமல் நடந்துகொள்வோம், இங்கே படம் எடுக்க மாட்டோம் என்று. அதைச் சொல்லி முடித்ததும் மனசு ஒரு நிலைக்கு வந்துவிட்டது. உண்மையில் கஷ்டப்பட்டது கண்ணும் மூக்கும்தான். உடல் கெடாமல் இருக்கப் போடுகிற ஃபார்மலின் என்ற மருந்தின் நெடி அப்படி. வெங்காயம் உரிக்கிற மாதிரி கண்ணில் தண்ணீர் கொட்டும். முதல் வாரம் கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றில் அந்த வாடை இருக்கிற மாதிரியே இருக்கும். மூன்றாவது வாரம் அது எப்போது மறைந்தது என்றே தெரியாது. முடியை இறுகக் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கிளவுஸ் போட்ட கையால் கண்ணைத் துடைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

எங்கள் மேஜையில் இருந்தவர் வயதானவர். தூங்குகிற மனிதர் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன், அப்படி இல்லை. உடம்பு விறைத்து, நிறம் மாறி, தோல் பதப்படுத்திய தோல் மாதிரி இருந்தது. முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவருடைய வலது உள்ளங்கை. நான்கு விரல்களுக்கும் அடியில் வரிசையாகக் காய்ப்பு. மண்வெட்டி பிடித்த கை. அப்பாவுக்கும் அதே இடத்தில் அப்படித்தான் இருக்கும். அவர் யார், என்ன வேலை செய்தார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்கக் கூடாது. ஆனால் அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. சில வாரம் கழித்து உள்ளங்கையைப் பிரிக்க வேண்டிய நாள் வந்தபோது அந்தக் காய்ப்பில் கத்தி இறங்கவே இல்லை, பிளேடு மாற்ற வேண்டியிருந்தது. தோலுக்கு அடியில் வெள்ளையாக, பாய் பின்னினது மாதிரி ஒரு கெட்டியான விரிப்பு, அதற்கும் கீழே ஒவ்வொரு விரலுக்கும் போகிற தசைநாண்கள். முன்கையில் ஒரு தசைநாணைப் பிடித்து மெதுவாக இழுத்தால் விரல் மடங்கியது. அன்றைக்கு எங்கள் பேட்ச்சில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

எடுக்கிற ஒவ்வொரு துணுக்கும் அந்தந்த மேஜைக்கு உரிய தனிப் பாத்திரத்தில்தான் போக வேண்டும். கடைசியில் எல்லாம் ஒன்றாக, அவருடையதாகவே போக வேண்டும் என்பதற்காக. இதையெல்லாம் பார்த்தவளுக்குப் பயம் போய்விடும் ஐயா, வேறு ஒன்று வந்து உட்காரும்.

இப்படி வருகிற உடல்கள் சில யாரும் உரிமை கோராதவை. சில, உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டுப் போனவர்களுடையவை. 2024 செப்டம்பரில் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரி இறந்தபோது அவர் உடலை டெல்லி எய்ம்ஸுக்குக் கொடுத்தார்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். நான் கல்லூரியில் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம். டிசெக்‌ஷன் ஹாலுக்குப் போன பிறகுதான் அந்தச் செய்தி எனக்கு முழுசாகப் புரிந்தது.

இங்கிலீஷுக்கு வருகிறேன்.

முதல் வருடம் மூன்று பாடம். உடம்பின் அமைப்பைச் சொல்கிற அனாட்டமி, அது இயங்கும் விதத்தைச் சொல்கிற ஃபிசியாலஜி, அதற்குள் நடக்கும் வேதியியலைச் சொல்கிற பயோகெமிஸ்ட்ரி. இதில் அனாட்டமிதான் பெரியது. கை, கால், மார்பு, வயிறு, தலை, கழுத்து, மூளை என்று வரிசையாகப் போகும். கூடவே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற ஹிஸ்டாலஜி, கரு வளர்கிற கதையான எம்பிரியாலஜி. எல்லாம் ஒரே வருடத்தில். திணற வைப்பது இந்த அளவுதான். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

பெயர்கள் எல்லாம் லத்தீனும் கிரேக்கமும். ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு என்ற வார்த்தையை பெரிய தனியார் பள்ளியில் படித்து வந்தவளும் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்கிறாள். அங்கே எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். நான் அந்தப் பெயர்களை உடைத்து ஓரத்தில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். ஸ்டெர்னம் மார்பெலும்பு, க்ளாவிக்கிள் காறை எலும்பு, மாஸ்டாய்டு காதுக்குப் பின்னால் கையில் தட்டுப்படுகிற மேடு. கழுத்தை ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் கயிறு மாதிரி புடைக்கிறதே, அந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. காறை என்பது கழுத்தில் போடுகிற நகை. லத்தீன்காரர்கள் அதே எலும்பைப் பார்த்து 'சின்னச் சாவி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு நகை தெரிந்திருக்கிறது. இப்படிப் படித்ததில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை.

கஷ்டம் வந்தது வாயைத் திறக்க வேண்டிய இடத்தில். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்து, இது வலதா இடதா, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். பதில் தெரியும், வாக்கியம் வராது. கல்லூரிக்குள்ளேயே வைக்கிற இன்டர்னல் தேர்வு, அதில் முதலாவதில் அனாட்டமியில் எனக்கு நூற்றுக்கு 31.

அதற்கு முன்னால் ஒரு புயலும் வந்து போயிருந்தது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஹாஸ்டலில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மறுநாள் மழை விட்டது என்று மூச்சு விட்டால், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்துவிட்டது. கடலூரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாததா. இரண்டு நாள் அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பள்ளிக்கூடத்து மாடியில் இருந்திருக்கிறார்கள். எங்கள் நிலத்தில் பயிர் போய் மணல் மேடு நின்றது. அந்த 31ஐ நான் புயல் மேல் போட மாட்டேன், புயல் வராமல் இருந்திருந்தாலும் 35 எடுத்திருப்பேன். ஆனால் டிசம்பர் முழுக்க, இதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவோடு வேலைக்குப் போகலாம் என்றுதான் இருந்தது.

ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பஸ் ஏறி வந்தார். அம்மா தூக்கில் கருவாட்டுத் தொக்கு கொடுத்து அனுப்பியிருந்தார். ஹாஸ்டலுக்குள் ஆண்களை விட மாட்டார்கள், கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மார்க்கைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்னதாம்மா படிக்கிறீங்க, எனக்கும் சொல்லேன்" என்றார்.

அப்பாவுக்கு இடது பக்கக் காறை எலும்பில் ஒரு முண்டு உண்டு. நான் பிறப்பதற்கு முன்னால், சைக்கிளில் வைக்கோல் கட்டிக்கொண்டு வரும்போது சாய்ந்து, கையை ஊன்றி விழுந்தது. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டு ஆறிவிட்டது. சட்டையை விலக்கச் சொல்லி அந்த முண்டில் விரல் வைத்தேன். இங்கேதாம்பா எல்லாருக்கும் உடையும் என்று ஆரம்பித்தேன். இந்த எலும்பு நேராக இல்லை, உள்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் வளைந்திருக்கும், வெளிப்பக்கம் ஒரு பங்கு பின்னால் வளைந்து தட்டையாக இருக்கும். இரண்டு வளைவும் சேருகிற இடம்தான் பலவீனம். கையை ஊன்றி விழுந்தால் பாரம் முழங்கை வழியாக, தோள் வழியாக ஏறி இங்கே வந்து நிற்கும். வயிற்றில் குழந்தை உருவாகும்போது முதன்முதலாக எலும்பாக மாறத் தொடங்குவதும் இதுதான், ஐந்தாறு வாரத்திலேயே. இதற்குக் கீழே கைக்குப் போகிற ரத்தக் குழாய் இருக்கிறது, நரம்புக் கொத்து இருக்கிறது, அதெல்லாம் அன்றைக்கு அறுபடாமல் தப்பித்தது உங்கள் நல்ல நேரம்.

கால் மணி நேரம் பேசியிருப்பேன். அப்பா தன் விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "இவ்ளோ தெரியுதே, அப்புறம் எப்படி 31?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அன்று ராத்திரி அறையில் இதையே திரும்பச் சொன்னேன், இந்த முறை இங்கிலீஷில். எங்கள் அறையில் மூன்று பேர். ஒருத்தி மாஹே, ஒருத்தி ஏனாம். புதுச்சேரி நாலு துண்டாகக் கிடக்கிற பிரதேசம் என்பது எனக்கு வரைபடத்தில் மட்டும்தான் தெரியும். மாஹே கேரளாவுக்குள் இருக்கிறது, அவளுக்கு மலையாளம். ஏனாம் ஆந்திராவுக்குள், அவளுக்குத் தெலுங்கு. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் மட்டும்தான், அதுவும் மூன்று பேருக்கும் அரைகுறை. தப்பாகப் பேசினால் சிரிக்க ஆள் இல்லை. அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டுவிட்டு ஒருத்தி எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும், மற்ற இருவரும் எக்ஸாமினர் மாதிரி கேள்வி கேட்க வேண்டும். என் இங்கிலீஷ் வந்தது அந்த அறையில்தான். உங்கள் மகளுக்குத் தமிழ் பேசுகிற தோழிகளே கிடைத்தால் நல்லதுதான், ஆனால் ராத்திரி அரை மணி நேரமாவது வாய்விட்டுச் சொல்லிப் படிக்க ஒரு ஆள் வேண்டும். மனசுக்குள் படித்தது வைவாவில் வராது.

பயோகெமிஸ்ட்ரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அன்றன்று படித்தால் போதும், தேர்வு நேரத்தில் மொத்தமாகப் படிக்க நினைத்தால் நடக்காது.

ஃபிசியாலஜி லேப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே நம் விரலை நாமே குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். அந்த ரத்தத்தை 200 மடங்கு நீர்த்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, 80 சின்னக் கட்டங்களில் சிவப்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, வருகிற எண்ணை 10,000 ஆல் பெருக்குவோம். ஒரு மணி நேரம் குனிந்து எண்ணினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபினின் அளவைப் பார்ப்பது வேறு மாதிரி. சின்னக் குழாயில் அமிலம் விட்டு அதில் ஒரு சொட்டு ரத்தம். பத்து நிமிடத்தில் பழுப்பாகிவிடும். பிறகு பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும்.

என் குழாயில் நான்காவது, ஐந்தாவது சொட்டிலேயே நிறம் சரியாகிவிட்டது. படித்துப் பார்த்தால் 9.2. தப்பாகச் செய்துவிட்டேன் என்று மறுபடியும் குத்தினேன். மறுபடியும் 9.2. மேடம் வந்து பார்த்தார், என் கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தார். "நீ தப்பா செய்யலம்மா, உனக்கு ரத்தம் கம்மியா இருக்கு" என்றார். பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. படி ஏறினால் மூச்சு வாங்குவதும் மத்தியான வகுப்பில் கண் சொருகுவதும் என் சோம்பல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா. பல வருடமாக. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. எங்கள் பேட்ச்சிலும் நான் ஒருத்தி மட்டும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தேன். டீயோடு போட்டால் உடம்பில் சேராது, எலுமிச்சைச் சாறு மாதிரி புளிப்போடு போட்டால் நன்றாகச் சேரும் என்று பயோகெமிஸ்ட்ரியில் படித்தது அப்போது உதவியது. ஏப்ரலில் பார்த்தபோது 11.8. படிப்பும் அதற்குப் பிறகுதான் ஏறியது.

ராகிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெற்றவர் மனசில் இல்லாமல் இருக்காது. 1996ல் இப்போதைய கடலூர் மாவட்டத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் 1997ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்றைக்கு முதலாண்டு மாணவர்களைத் தனி ஹாஸ்டலில் அல்லது தனித் தளத்தில் வைக்கிறார்கள். சேரும்போது உங்களிடமும் உறுதிமொழிப் படிவம் வாங்குவார்கள். 1800 180 5522 என்ற எண்ணை மகளின் போனில் பதிந்து கொடுங்கள், நாடு முழுக்க 24 மணி நேரமும் இயங்குவது. எனக்குக் கிடைத்த சீனியர்கள் நல்லவர்கள். எலும்பு செட்டும் பழைய புத்தகங்களும் அவர்களிடமிருந்துதான் வந்தன. அதனால் புதுப் புத்தகம் எல்லாவற்றையும் இப்போதே வாங்கிக் குவிக்காதீர்கள். இரண்டு வெள்ளைக் கோட்டு, டிசெக்‌ஷன் கருவிகள், ரெக்கார்டு நோட்டுக்குக் கலர் பென்சில், இவ்வளவு போதும். ஹிஸ்டாலஜிக்கு ரோஸும் ஊதாவும்தான் சீக்கிரம் தீரும், அவை இரண்டும் கூடுதலாக.

முதல் வருடத்திலேயே கிராமத்துக்கும் அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் சில குடும்பங்கள், படிப்பு முடியும்வரை அவர்கள் நம் பொறுப்பு. எனக்கு மூன்று குடும்பம். அங்கே ஒரு பாட்டி, "காலு மதமதன்னு இருக்கும்மா, ராத்திரி ஆனா குடைச்சல் எடுக்குது" என்றார். என்னோடு வந்த நான்கு பேரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்கள், அதில் இரண்டு பேர் தமிழர்கள்தான், ஆனால் மதமதப்பு என்றால் என்ன என்று தெரியவில்லை. மதமதப்பு என்றால் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருப்பது, குடைச்சல் என்றால் எலும்புக்குள்ளே துளைக்கிற மாதிரி வலி, இரண்டும் ஒன்றில்லை என்று சொன்னேன். பாட்டிக்குச் சர்க்கரை எவ்வளவு நாளாக இருக்கிறது என்று உடன் வந்த டாக்டர் அடுத்த கேள்வி கேட்டார். நாள்பட்ட சர்க்கரை கால் நரம்பைக் கெடுக்கும், அதனால்தான் கேட்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அன்று வருகிற வழியில் பஸ்ஸில் மாஹேக்காரி நோட்டை நீட்டி, இந்த மாதிரி வார்த்தை எல்லாம் எழுதித் தா என்றாள். இழுக்குது, குத்துது, எரியுது, கரிக்குது, படபடங்குது, மேல் வலிக்குது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இப்போது அவள் என்னைவிட வேகமாகத் தமிழில் கேள்வி கேட்கிறாள்.

வருடக் கடைசித் தேர்வில் மூன்றிலும் தேறினேன். அனாட்டமியில் 61 சதவீதம். பேட்ச்சில் சிலர் ஒரு பாடத்தில் போய், துணைத் தேர்வு எழுதித் தேறி, எங்களோடுதான் இப்போது படிக்கிறார்கள். ஒரு பாடம் போனால் வாழ்க்கை போய்விடாது என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள். அப்புறம் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வது மாதிரி இருக்கும்.

முதல் மூன்று மாதம் போனில் அழுவாள். வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொல்லலாம். கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் உட்காருங்கள். மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இந்த வாரம் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் பாதிதான் புரியும். பரவாயில்லை, முழுக்கக் கேளுங்கள்.

இன்னொரு காரியம், இந்தப் பத்து நாளுக்குள் செய்ய வேண்டியது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் டாக்டரிடம் காட்டி இப்போதே மாத்திரை தொடங்கிவிடலாம், முதல் இன்டர்னல் வருவதற்குள் ஏறிவிடும். போகிற வழியில் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் அம்மாவுக்கு 8.4 இருந்தது.